சக்கர நாற்காலி விளையாட்டும் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டில் கொரோனா மூன்றாம் அலை தணியத் தொடங்கியதை அடுத்து, 2022 ஜனவரி 28 முதல் இரவு நேர ஊரடங்கு விலக்கிக்கொள்ளப்பட்டது. பிப்ரவரி 1 முதல் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. விளையாட்டுத் திடல்களும் உடற்பயிற்சிக் கூடங்களும் படிப்படியாக இயல்பு நிலைக்குத் திரும்பின. அந்நிலையில், சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து, டென்னிஸ், மேசைப்பந்து, தடகளம் போன்றவற்றில் பயிற்சி பெற்றுவந்தவர்கள் முன்னும் அவர்களது குடும்பத்தினர் முன்னும் ஒரு கேள்வி நின்றது: இப்போதே பயிற்சிக்குச் செல்லலாமா, அல்லது இன்னும் சில மாதங்கள் காத்திருப்பதுதான் பாதுகாப்பா?

இக்கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒற்றை விடை இல்லை. இங்கு எடைபோட வேண்டியவை இரண்டு ஆபத்துகள். பயிற்சிக்குச் செல்வதால் தொற்று ஏற்படக்கூடும் என்பது ஒன்று. செல்லாமல் மாதக்கணக்கில் அசைவின்றி வீட்டில் இருப்பதால் உடலுக்கும் மனத்துக்கும் விளையும் கேடு மற்றொன்று. பெருந்தொற்றின் முதல் இரண்டு ஆண்டுகளில் முதலாவது ஆபத்தைப் பற்றி மிகுதியாகப் பேசப்பட்டது. இரண்டாவது ஆபத்துக்குப் போதிய கவனம் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒருங்கே கருத்தில் கொண்டு முடிவெடுக்க உதவுவதே இவ்விளக்கத்தின் நோக்கம்.

விளையாட்டு இங்கே மருத்துவத்தின் ஒரு பகுதி

சக்கர நாற்காலி விளையாட்டு மருத்துவமனை வளாகத்தில் வளர்ந்த ஒன்று. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 1944-இல் முதுகுத்தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் லுட்விக் குட்மன், போரில் காயமுற்றவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சையில் விளையாட்டையும் சேர்த்தார். 1948 ஜூலை 29 அன்று, லண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய அதே நாளில், 16 பேர் பங்கேற்ற வில்வித்தைப் போட்டியை அவர் அங்கு நடத்தினார். இன்றைய பாராலிம்பிக் போட்டிகளின் தொடக்கம் அதுவே. நோயாளியைப் படுக்கையிலிருந்து எழுப்பி, வலுவும் தன்னம்பிக்கையும் பெறச் செய்வதற்கான வழியாகவே அவர் விளையாட்டைக் கண்டார்.

அந்தக் காரணம் இன்றும் மாறவில்லை. நடக்க இயலும் ஒருவர், உடற்பயிற்சி செய்யாத நாளிலும் கடைக்குச் செல்வது, படியேறுவது என ஓரளவு உடலை இயக்கிவிடுகிறார். கால்களின் இயக்கத்தை இழந்தவருக்கு அத்தகைய தன்னிச்சையான இயக்கம் குறைவு. எனவே, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் நடைபெறும் பயிற்சியே பலருக்கு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் முதன்மையான வேலையாக அமைந்துவிடுகிறது.

அது நின்றுபோகும்போது ஏற்படும் விளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. உடல் எடை கூடுகிறது. இரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டை இழக்கக்கூடும். தசை இறுக்கம் மிகுகிறது. மலச்சிக்கல் அதிகரிக்கிறது. தோள்பட்டைத் தசைகள் தளர்வதால், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும் அன்றாடச் செயலே வலி தருவதாகிறது. நீண்ட நேரம் ஒரே நிலையில் அமர்ந்திருப்பதால் இடுப்பிலும் பிட்டத்திலும் அழுத்தப்புண் தோன்றலாம். ஆழமான ஓர் அழுத்தப்புண் ஆறுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அக்காலம் முழுவதும் அவர் அமரவே இயலாத நிலை நேரலாம்.

2020 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல்களில், மாற்றுத்திறனாளிகளுக்கெனப் பரிந்துரைகள் முதன்முறையாக இடம்பெற்றன. அவற்றின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கமும், வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுவூட்டும் பயிற்சியும் தேவை. முதுகுத்தண்டுவடப் பாதிப்புள்ளவர்களுக்கென 2018-இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல்கள், இதைவிடக் குறைந்த அளவிலிருந்து தொடங்கலாம் எனக் கூறுகின்றன. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடங்கள் மிதமானது முதல் கடுமையானது வரையிலான பயிற்சியும், வாரத்துக்கு இரண்டு முறை வலுவூட்டும் பயிற்சியும் உடற்தகுதியை மேம்படுத்தப் போதுமானவை.

இன்னொரு பயனும் உண்டு. விளையாட்டுக் குழு என்பது அனுபவம் பரிமாறப்படும் இடம். அண்மையில் காயமுற்ற ஒருவர், அழுத்தப்புண் வராமல் எவ்வாறு அமர்வது, வெளியூர் செல்லும்போது சிறுநீர் வடிகுழாயை எவ்வாறு கையாள்வது, வேலைக்குத் திரும்புவது எப்படி என்பனவற்றைப் பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலி பயன்படுத்துபவரிடமிருந்தே கற்கிறார். திடல் மூடப்பட்டபோது இந்தக் கல்வியும் நின்றது. இந்த இழப்பு எந்த மருத்துவ அறிக்கையிலும் பதிவாவதில்லை.

தொற்றின் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவினதன்று

மறுபக்கத்தில் உள்ள ஆபத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. இங்கிலாந்தில் 2020 ஜனவரி முதல் நவம்பர் வரை கொரோனாவால் இறந்தவர்களில் பத்தில் ஏறத்தாழ ஆறு பேர் மாற்றுத்திறனாளிகள் என அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் கண்டறிந்தது. முதுமை, இணைநோய்கள், வாழும் சூழல், பொருளாதார நிலை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எனினும், எச்சரிக்கை தேவை என்பதில் ஐயமில்லை.

ஆனால், சக்கர நாற்காலி பயன்படுத்தும் அனைவரையும் ஒரே வகையினராகக் கருதுவது தவறு. விபத்தில் கால் இழந்து, மற்றபடி நலமாக உள்ள இளைஞருக்கும், இளம்பிள்ளைவாதத்தால் கால் மட்டும் பாதிக்கப்பட்டவருக்கும், தொற்றின் ஆபத்து அதே வயதுள்ள பிறரைப் போன்றதாகவே இருக்கக்கூடும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவரின் நிலை வேறு. அவரது விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் தளர்ந்திருப்பதால் ஆழ்ந்து மூச்செடுப்பதும் வலுவாக இருமிச் சளியை வெளியேற்றுவதும் கடினம். சாதாரணச் சளியே அவருக்கு நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். தசைச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். நீரிழிவு, சிறுநீரகப் பாதிப்பு, இதய நோய் ஆகியவை உடன் இருப்பின் ஆபத்து மேலும் கூடுகிறது.

மாற்றுத்திறன் என்பது தானாகவே இணைநோய் ஆகிவிடாது. 'உங்கள் பாதுகாப்புக்காகத்தான்' என்று கூறி அனைவரையும் கடைசியாக அனுமதிப்பது மருத்துவ அடிப்படை இல்லாத செயல். அதேபோல், 'எல்லோரும் வந்துவிட்டார்கள், நீங்களும் வாருங்கள்' என்று கழுத்துப் பகுதிப் பாதிப்புள்ளவரை வற்புறுத்துவதும் சரியன்று. முடிவு தனிநபரின் உடல்நிலையைப் பொறுத்தது. அதை அவரும் அவரை அறிந்த மருத்துவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும்.

பொது விதிகள் பொருந்தாத இடங்கள்

கைகளைத் தூய்மைப்படுத்துதல், இடைவெளி விடுதல், முகக்கவசம் அணிதல், நுழைவாயிலில் வெப்பநிலை பார்த்தல் ஆகிய நான்கும் எல்லா இடங்களிலும் பின்பற்றப்பட்ட விதிகள். நடந்து செல்பவர்களை மனத்தில் கொண்டு உருவான இவ்விதிகள், சக்கர நாற்காலி பயன்படுத்துபவரிடம் வரும்போது சில இடங்களில் பலன் தருவதில்லை.

முதலாவது, கைத்தூய்மை. வாயிலில் கிருமிநாசினி தடவிக்கொண்ட ஒருவர் மறுகணமே சக்கரத்தின் தள்ளுவளையத்தைப் பிடிக்கிறார். தெருவின் அழுக்கு அனைத்தும் அந்தச் சக்கரத்தில்தான் உள்ளது. எனவே முதலில் தள்ளுவளையங்களையும் தடைக்கட்டையையும் துடைத்து, அதன் பின்னரே கைகளைத் தூய்மைப்படுத்த வேண்டும். பலர் இவ்வரிசையை மாற்றிச் செய்கின்றனர். கையுறை அணிந்து சக்கரம் தள்ளுபவர்கள், அக்கையுறையுடன் முகத்தையோ முகக்கவசத்தையோ தொடலாகாது; ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் அதைத் துவைத்து உலர்த்த வேண்டும்.

இரண்டாவது, இடைவெளி. நாற்காலி மாறும்போது தூக்கிவிடுவதற்கும், இடுப்புப் பட்டையைக் கட்டுவதற்கும் உதவி தேவைப்படுபவர் பராமரிப்பாளரிடமிருந்து விலகி இருக்க முடியாது. 'ஆறடி இடைவெளி' என்ற விதியை இங்கு எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் அவர் பயிற்சியே செய்ய இயலாது. ஒருவருக்கு ஒரே பராமரிப்பாளர் என்று வரையறுத்து, அவர் தடுப்பூசி செலுத்திக்கொண்டவராகவும் பொருத்தமான முகக்கவசம் அணிந்தவராகவும் இருப்பதை உறுதிசெய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

மூன்றாவது, வெப்பநிலைப் பரிசோதனை. தண்டுவடப் பாதிப்புள்ள பலருக்குப் பாதிப்பு நிலைக்குக் கீழே வியர்வை சுரப்பதில்லை. வெயிலில் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவரின் உடல் வெப்பம், காய்ச்சல் இல்லாமலேயே உயரக்கூடும். அளவு கூடுதலாகக் காட்டினால், நிழலில் 15 முதல் 20 நிமிடங்கள் வரை ஓய்வெடுக்கச் செய்து மீண்டும் பார்ப்பது முறையானது. அளவு இயல்பாக இருப்பதால் மட்டும் தொற்று இல்லை என்றும் கொள்ளலாகாது. இருமல், தொண்டை வலி, உடல் சோர்வு, வழக்கத்துக்கு மாறான தசை இறுக்கம் ஆகியவை உள்ளனவா எனக் கேட்டறிவது வெப்பமானியைவிடப் பயனுள்ளது.

நான்காவது, கழிப்பறை. தொற்றுத் தடுப்பின் பெயரால் உடைமாற்றும் அறைகளையும் கழிப்பறைகளையும் மூடிவைத்துத் திடலை மட்டும் திறப்பது நிர்வாகத்துக்கு எளிதாகத் தோன்றலாம். மற்றவர்களுக்கு அது சிறு இடையூறு. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகுழாய் மூலம் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவருக்கோ அது பயிற்சிக்கே வர இயலாத தடை. சிலர் இதற்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கின்றனர். அதனால் நீரிழப்பும் சிறுநீர்த் தொற்றும் ஏற்படுகின்றன. சக்கர நாற்காலி செல்லக்கூடிய கழிப்பறை திறந்திருந்து, தூய்மையாகப் பராமரிக்கப்படாத இடத்தில், அந்த விளையாட்டுத் திட்டம் திறக்கப்பட்டதாகவே கருத முடியாது.

அரசுகள் எடுத்த முடிவுகள் காட்டுவன

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மே 18 முதல் விளையாட்டு வளாகங்களும் அரங்கங்களும் பார்வையாளர்கள் இன்றித் திறக்க அனுமதிக்கப்பட்டன. அக்டோபர் 15 முதல், விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கான நீச்சல் குளங்கள் அனுமதிக்கப்பட்டன. உள்துறை அமைச்சகத்தின் இவ்வாணைகள் 'விளையாட்டு வளாகம்', 'நீச்சல் குளம்' என்ற பொதுச் சொற்களில் அமைந்திருந்தன. அனுமதி அனைவருக்கும் சமமாகவே வழங்கப்பட்டது. ஆனால் பேருந்து ஓடாத நாளில், உதவியாளர் வர இயலாத நிலையில், அந்த அனுமதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு சமமாக இருக்கவில்லை.

ஊரடங்கு தொடங்கிய மறுநாளே, அதாவது 2020 மார்ச் 26 அன்று, ஒன்றிய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பராமரிப்பாளர்கள் மாற்றுத்திறனாளிகளின் இல்லங்களுக்குச் சென்றுவர விலக்கு அல்லது எளிய முறையில் அனுமதிச் சீட்டு வழங்கப்பட வேண்டும் என அதில் கூறப்பட்டிருந்தது. பராமரிப்பாளரின் வருகை அத்தியாவசியப் பணி என்பதை அது ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 8-ஆம் பிரிவு, பேரிடர் போன்ற இடர்மிகு சூழல்களில் அவர்களுக்குச் சமமான பாதுகாப்பை வலியுறுத்துகிறது. 30-ஆம் பிரிவு, விளையாட்டில் பங்கேற்கும் உரிமையைப் பற்றியது. இவ்விரண்டு பிரிவுகளையும் இணைத்துப் படித்தால், பேரிடர்க் காலத்திலும் விளையாட்டு வாய்ப்பைப் பாதுகாப்பாகத் தொடர வழி காண்பதே சட்டத்தின் நோக்கத்துக்கு இசைவானது என்பது விளங்கும்.

இங்கிலாந்து வேறொரு வழியைக் கையாண்டது. 2021 ஜனவரியில் அங்கு மீண்டும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டு விளையாட்டுத் திடல்கள் மூடப்பட்டபோது, மாற்றுத்திறனாளிகளுக்காக ஒழுங்கமைக்கப்பட்ட வெளிப்புற விளையாட்டு தொடரலாம் என விதிகளில் வெளிப்படையாகவே விலக்கு அளிக்கப்பட்டது. உடலியக்கம் இவர்களுக்கு எளிதில் ஈடுசெய்ய இயலாத தேவை என்பதை அவ்விலக்கு ஏற்றுக்கொண்டது. பின்பற்றத்தக்க முன்மாதிரி இது. எனினும், விலக்கு மட்டும் போதாது. போக்குவரத்து, பயிற்சியாளர், உதவியாளர், திறந்திருக்கும் கழிப்பறை ஆகியவை உடன் வந்தால்தான் தாளில் உள்ள விலக்கு திடலுக்கு வந்துசேரும்.

ஓராண்டு ஒத்திவைக்கப்பட்ட டோக்கியோ பாராலிம்பிக் போட்டிகள் 2021 ஆகஸ்ட் 24 முதல் செப்டம்பர் 5 வரை நடைபெற்றன. இந்தியா 19 பதக்கங்களை வென்றது. சக்கர நாற்காலி பயன்படுத்தும் அவனி லேகரா துப்பாக்கி சுடுதலில் தங்கமும் வெண்கலமும், பவினா படேல் மேசைப்பந்தில் வெள்ளியும் பெற்றனர். பெருந்தொற்றுக் காலத்திலும் மாற்றுத்திறனாளர் விளையாட்டைப் பெரிய அளவில் நடத்த முடியும் என்பதை அப்போட்டிகள் காட்டின. ஆனால் அங்கிருந்த இடைவிடாத பரிசோதனையும், தனித்த வளாகமும், மருத்துவக் குழுவும் ஒரு மாவட்டத் தலைநகரின் பள்ளித் திடலில் கிடைப்பதில்லை. அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியவை எளியவை: குழுவைச் சிறிதாக வைத்திருத்தல், அதே உறுப்பினர்களைத் தொடர்ந்து வைத்திருத்தல், அறிகுறி தோன்றியதும் தயக்கமின்றி விலகி இருத்தல்.

பயிற்சியைப் பாதுகாப்பாக நடத்தும் முறை

எல்லா விளையாட்டுகளும் ஒரே அளவு ஆபத்து உடையவை அல்ல. திறந்தவெளியில் தனித்தனியாகச் செய்யும் தடகளம், எறிதல், வில்வித்தை ஆகியவற்றை முதலில் தொடங்கலாம். எதிராளி வலைக்கு அப்பால் இருக்கும் டென்னிஸ் அடுத்த நிலையில் வரும். மேசைப்பந்து இடைவெளி உடையதே என்றாலும் பெரும்பாலும் உள்ளரங்கில் ஆடப்படுவதால் காற்றோட்டம் முதன்மை பெறுகிறது. நாற்காலிகள் ஒன்றோடொன்று மோதும் கூடைப்பந்தும் ரக்பியும் இறுதி நிலை. கூடைப்பந்தில் போட்டியைத் தொடங்கும் முன், சில வாரங்களுக்குத் திறந்தவெளி ஆடுகளத்தில் பந்தைக் கையாளுதல், கூடையில் இடுதல், வேகமாகத் தள்ளுதல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பயிலலாம்.

கடுமையான உடற்பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஆகவே, ஆடும் நேரத்தில் காற்றோட்டமும் இடைவெளியும்தான் பாதுகாப்பு. உள்ளரங்கமாயின் எதிரெதிர்ச் சன்னல்களும் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். ஓய்வு நேரத்திலும், நாற்காலி மாறும்போதும், பேசும்போதும் முகக்கவசம் கட்டாயம். உதவியாளர்களும் பயிற்சியாளர்களும் முழு நேரமும் அணிந்திருக்க வேண்டும்.

விளையாட்டுக்கான சக்கர நாற்காலிகள் விலை மிகுந்தவை. அவற்றைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவது வழக்கம். கட்டுப்பாடுகள் உள்ள காலத்தில் ஒரு பயிற்சி நேரத்துக்கு ஒரு நாற்காலி ஒருவருக்கே என வரையறுக்க வேண்டும். பயன்படுத்திய பின் தள்ளுவளையம், கைப்பிடி, பட்டைகள் ஆகியவற்றைச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தலாம். உலோகப் பகுதிகளில் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் அரிப்பை உண்டாக்கும் என்பதால் 70 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கிருமிநாசினியால் துடைப்பது நல்லது. இருக்கை மெத்தையை ஒருவரோடு ஒருவர் பகிர்ந்துகொள்ளவே கூடாது. மெத்தை உறை ஈரமாக இருந்தால் தோல் எளிதில் புண்ணாகும். நன்கு உலர்ந்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

திடலுக்குச் செல்ல இயலாதவர்கள்

கழுத்துப் பகுதிப் பாதிப்பு, நுரையீரல் பாதிப்பு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை உள்ளவர்களுக்கு, தொற்று மிகுந்துள்ள வாரங்களில் வீட்டிலேயே பயிற்சியைத் தொடர்வது உகந்தது. காணொளி வழியாகக் குழுவினருடன் சேர்ந்து செய்வது ஊக்கம் தரும். நாற்காலியின் தடைக்கட்டைகளைப் பூட்டி, பின்புறம் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். முதல் சில முறை அருகில் ஒருவர் இருப்பது நல்லது. மீள்பட்டையைக் கொண்டு முன்னோக்கித் தள்ளும் பயிற்சியைப் போலவே பின்னோக்கி இழுக்கும் பயிற்சியையும் செய்ய வேண்டும். அன்றாடம் சக்கரம் தள்ளுவதால் மார்புத் தசைகள் வலுவாகவும் முதுகுத் தசைகள் தளர்வாகவும் இருக்கும். இந்தச் சமமின்மையே பலரின் தோள்வலிக்குக் காரணம்.

15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து, ஒன்று அல்லது இரண்டு நிமிடங்கள் இருக்கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வந்து அளிக்கப்படுகிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகி இச்சேவையைப் பெறலாம். நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே தடுப்பூசி செலுத்தும் ஏற்பாட்டை ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. இதுவரை தடுப்பூசி செலுத்திக்கொள்ளாதவர்கள், பயிற்சிக்குத் திரும்பும் முன் செலுத்திக்கொள்வது மிகவும் இன்றியமையாதது.

மீண்டும் திரும்பும்போது

நீண்ட இடைவெளிக்குப் பின் பழைய வேகத்தில் தொடங்குவது, தோள்பட்டையில் காயம் ஏற்பட எளிய வழி. நடப்பவருக்குக் காலில் காயம் ஏற்பட்டால் ஓய்வெடுக்கலாம். சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்குத் தோளே கால். அதற்கு ஓய்வளித்தால் அவரது வாழ்க்கையே நின்றுவிடும். முதல் வாரத்தில் முன்பு செய்ததில் பாதி அளவு போதும். வலி இல்லையெனில் வாரந்தோறும் சிறிது கூட்டலாம். கழுத்துப் பகுதிப் பாதிப்புள்ளவர்களுக்கு இதயத் துடிப்பு ஓர் அளவுக்கு மேல் உயராது. எனவே நாடித்துடிப்பைக் கொண்டு பயிற்சியின் கடுமையை அளவிட முடியாது. பேச முடிந்து, பாட முடியாத அளவு மூச்சு வாங்குவது மிதமான பயிற்சி எனக் கொள்ளலாம்.

கொரோனா தொற்று ஏற்பட்டவர்கள் அறிகுறிகள் இருக்கும்வரை பயிற்சி செய்யக் கூடாது. 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட வழிகாட்டுதலின்படி, லேசான பாதிப்புள்ளவர்கள் தொற்று உறுதியான நாளிலிருந்து 7 நாட்கள் கழித்து, தொடர்ந்து 3 நாட்கள் காய்ச்சல் இல்லாதிருந்தால் தனிமையிலிருந்து வெளிவர அனுமதிக்கப்பட்டனர். அது பிறருக்குத் தொற்றைப் பரப்பாதிருப்பதற்கான கால வரையறை. உடல் கடும் பயிற்சிக்குத் தயாராகிவிட்டது என்பது அதன் பொருளன்று. நெஞ்சு வலி, படபடப்பு, சிறு முயற்சிக்கே மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதேனும் இருப்பின் மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும். இரத்த ஆக்சிஜன் அளவு 93 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் சென்றால் உடனடி மருத்துவ உதவி தேவை.

மார்புப் பகுதியின் 6-ஆம் முள்ளெலும்புக்கு மேல் தண்டுவடப் பாதிப்புள்ளவர்களைக் கவனிப்போர் மற்றோர் அவசர நிலையையும் அறிந்திருக்க வேண்டும். திடீரெனக் கடும் தலைவலி, முகம் சிவத்தல், பாதிப்பு நிலைக்கு மேலே வியர்த்தல், இரத்த அழுத்தம் மிகுதல் ஆகியவை தோன்றினால், அது 'ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா' எனப்படும் நிலையாக இருக்கலாம். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய வடிகுழாய், மலச்சிக்கல், இறுக்கமான பட்டை ஆகியவை இதன் வழக்கமான காரணங்கள். அவரை நிமிர்ந்து அமரச் செய்து, பட்டைகளையும் உடைகளையும் தளர்த்தி, வடிகுழாயைச் சரிபார்க்க வேண்டும். அறிகுறிகள் தணியாவிட்டால் தாமதமின்றி 108 எண்ணை அழைக்கவும். இதைக் கொரோனா அறிகுறி எனக் கருதித் தனிமைப்படுத்திக் காத்திருப்பது உயிருக்கு ஆபத்தானது.

பராமரிப்பாளர்களுக்கு

பராமரிப்பாளர் நோயுற்றால் அவரைச் சார்ந்திருப்பவரின் அன்றாட வாழ்வும் தடைபடும். ஆகவே, தங்களது தடுப்பூசி, தங்களது முகக்கவசம், தங்களது ஓய்வு ஆகியவையும் நோயாளியின் பாதுகாப்பில் அடங்கும். தங்களுக்குத் தொற்று ஏற்பட்டால் பொறுப்பேற்கக்கூடிய மாற்று நபர் ஒருவரை முன்கூட்டியே தெரிவுசெய்து, தூக்கிவிடும் முறை, வடிகுழாய்ப் பராமரிப்பு, மருந்து நேரம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு அனுப்பும் முன், நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

• பயிற்சி திறந்தவெளியிலா, உள்ளரங்கிலா? உள்ளரங்கமாயின் காற்றோட்டம் எவ்வாறு உள்ளது?
• ஒரு நேரத்தில் எத்தனை பேர்? ஒவ்வொரு முறையும் அதே குழுவா?
• சக்கர நாற்காலி செல்லக்கூடிய கழிப்பறை திறந்திருக்குமா?
• பகிர்ந்து பயன்படுத்தும் நாற்காலிகளையும் பந்துகளையும் யார், எப்போது துடைக்கிறார்கள்?
• உதவிக்கு உடன்வரும் ஒருவருக்கு அனுமதி உண்டா?
• யாருக்கேனும் தொற்று உறுதியானால் மற்றவர்களுக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும்?

இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்து, மருத்துவரும் இசைவு தெரிவித்தால், பயிற்சிக்குத் திரும்புவதே பெரும்பாலானோருக்கு நலம் தரும். விடை கிடைக்காவிட்டால் கேட்பதை நிறுத்த வேண்டாம். விதிகளை வகுப்போரின் மேசையில் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் ஒருவர் இருந்திருந்தால், மூடப்பட்ட கழிப்பறையும் வரிசை மாறிய கைத்தூய்மையும் முதல் நாளிலேயே கவனத்துக்கு வந்திருக்கும். அடுத்த அலையோ வேறொரு பெருந்தொற்றோ வரும்போது, திடலை மூடுவதா திறப்பதா என்ற முடிவு அவர்களையும் கலந்தே எடுக்கப்பட வேண்டும்.

உடல்நலம் தொடர்பான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம். இங்குள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கு மட்டுமே. தங்களது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இவை மாற்றாகா.